இயர் ஃபைல் புது வைல்ட்ஃப்ளைல ஏற மாட்டேங்குது, ஃபெயில்டுன்னு வந்து நிக்குது

நிலா_டெவ்:

எல்லாருக்கும் வணக்கம். ஒரு என்டர்பிரைஸ் அப்ளிகேஷன், இயர் ஃபைலா (எல்லா பகுதியையும் ஒண்ணா கட்டின பேக்கேஜ்) தான் எங்களுக்கு வரும், உள்ள ஒரு வார் (வெப் பகுதி), ரெண்டு ஈஜேபி ஜார் (பிசினஸ் லாஜிக் பகுதி). இதுவரைக்கும் வைல்ட்ஃப்ளைங்கிற ஜாவா அப்ளிகேஷன் சர்வரோட 26ல, ஜாவா 11ல ஓடிட்டிருந்துச்சு, தொந்தரவே இல்ல. இப்போ புது மெஷின் குடுத்து அதுக்கு மாத்த சொல்லிருக்காங்க, அதுல வைல்ட்ஃப்ளை 31, ஜாவா 17 போட்டிருக்கேன். டிப்ளாய்மென்ட்ஸ் ஃபோல்டர்ல இயர் ஃபைலை காப்பி பண்ணா கொஞ்ச நேரம் டிப்ளாயிங்னு இருந்துட்டு கடைசில ஃபெயில்டுன்னு ஒரு குட்டி ஃபைல் வந்து நிக்குது. லாக்ல பக்கம் பக்கமா எரர், பாதிக்கு மேல "மிஸ்ஸிங் டிபென்டன்சி" தான். எதுல இருந்து ஆரம்பிக்கிறதுன்னே தெரியல. மெமரியை கூட்டணுமா? இல்ல டாம்கேட்ல போட்டா சுலபமா இருக்குமா? பழைய மெஷினை சீக்கிரம் எடுத்துருவாங்க, தெரிஞ்சவங்க கொஞ்சம் வழி சொல்லுங்க.

லாக்_வாசகன்:

டாம்கேட் பக்கம் போகாதீங்க நிலா, அது வெறும் சர்வ்லெட் கன்டெய்னர் (வெப் ரிக்வெஸ்டுக்கு பதில் குடுக்கிற ஜாவா கிளாஸ் தான் சர்வ்லெட்), ஈஜேபியும் தெரியாது இயர் ஃபைலும் தெரியாது. டாம்ஈஈ, பயாரா, கிளாஸ்ஃபிஷ், ஓப்பன் லிபர்டி இதெல்லாம் அது ரெண்டும் தெரிஞ்ச சர்வர்கள், அது வேற கதை, ஆனா ஏற்கனவே வைல்ட்ஃப்ளைல ஓடின அப்ளிகேஷன்னா அதுலயே சரி பண்றது தான் உங்களுக்கு குறைஞ்ச வேலை. மெமரியையும் இப்போ தொடாதீங்க, மெமரி பிரச்சனைன்னா அவுட் ஆஃப் மெமரின்னு லாக்லயே வரும்.

அந்த ஃபெயில்டு ஃபைல் காலி ஃபைல் இல்ல, எடிட்டர்ல திறந்து பாருங்க, ஏன் ஃபெயில் ஆச்சுன்னு சர்வர் அதுக்குள்ளயே எழுதி வச்சிருக்கும். லாக்லயும் எல்லா எரரையும் படிக்க வேண்டாம். 0180னு முடியுற எரர் கோடு ஒண்ணு வரும், அதுக்கு கீழ "இந்த சர்வீஸ் வேணும், அது இங்க இல்ல"ன்னு ஒரு லிஸ்ட் இருக்கும், அந்த லிஸ்ட்ல திரும்ப திரும்ப வர்ற பேரு எதுன்னு மட்டும் பாருங்க. ஒரு டேட்டாசோர்ஸ் (சர்வர்ல எழுதி வச்ச டேட்டாபேஸ் இணைப்பு) இல்லன்னா அதை நம்பி இருக்கிற பெர்சிஸ்டன்ஸ் யூனிட் (டேட்டாபேஸோட பேசுற பகுதி) எழும்பாது, அது எழும்பலன்னா அதை நம்பி இருக்கிற அத்தனை பீனும் (சர்வர் நடத்துற ஜாவா கிளாஸ்) எழும்பாது, ஒவ்வொண்ணும் தனித்தனியா அழும், அதனால தான் பக்கம் பக்கமா தெரியுது, ஆனா வேர் ஒண்ணோ ரெண்டோ தான் இருக்கும்.

என் கணிப்பு டேட்டாசோர்ஸ். பழைய சர்வர்ல யாரோ எப்பவோ கான்ஃபிக் எக்ஸ்எம்எல்ல டேட்டாசோர்ஸ் எழுதி வச்சிருப்பாங்க, அது இயர் ஃபைலுக்குள்ள வராது, சர்வரோடயே இருந்துரும். பழைய மெஷின்ல அந்த ஃபைலை திறந்து டேட்டாசோர்ஸ் பகுதியை பாருங்க, ஜேஎன்டிஐ பேரு (அப்ளிகேஷன் அதை தேடுற பேரு) எழுத்துக்கு எழுத்து அப்படியே புதுசுலயும் இருக்கணும், பெரிய எழுத்து சின்ன எழுத்து கூட மாறக்கூடாது. டேட்டாபேஸ் டிரைவர் ஜாரை டிப்ளாய்மென்ட்ஸ் ஃபோல்டர்ல போட்டாலும் எடுத்துக்கும், ஆனா புரொடக்ஷன்னா சர்வரோட மாட்யூலா சேர்க்கிறது தான் எனக்கு பிடிக்கும், ஃபோல்டரை யாராவது சுத்தம் பண்ணாலும் டிரைவர் போகாது. சேர்த்ததும் சிஎல்ஐல (வைல்ட்ஃப்ளையோட கமாண்ட் லைன்) டெஸ்ட் கனெக்ஷன் கமாண்ட் ஓட்டி ட்ரூன்னு வந்தப்புறம் இயர் ஃபைலை தொடுங்க.

இன்னொண்ணு, ஜேஎம்எஸ் (மெசேஜ் அனுப்பி வாங்குற ஜாவா வசதி) இருக்கா? மெசேஜ் டிரிவன் பீன் (மெசேஜ் வந்தா ஓடுற பீன்) ஒண்ணே ஒண்ணு இருந்தாலும் சாதாரண ஸ்டாண்டலோன் கான்ஃபிக்ல ஓடாது, அதுல மெசேஜிங் சப்சிஸ்டமே கிடையாது. ஸ்டாண்டலோன் ஃபுல்னு ஒரு கான்ஃபிக் கூடவே வரும், சர்வர் ஸ்டார்ட் பண்ணும்போது சி ஆப்ஷன்ல அந்த பேரை குடுக்கணும். அதுக்கு மாறுனா டேட்டாசோர்ஸையும் அந்த ஃபைல்ல தான் எழுதணும், ரெண்டும் வேற வேற ஃபைல்.

நிலா_டெவ்:

ரொம்ப நன்றிங்க, நீங்க சொன்னது அப்படியே தான் இருந்துச்சு. லிஸ்ட்ல ரெண்டே பேரு தான் திரும்ப திரும்ப வந்துச்சு, ஒண்ணு டேட்டாசோர்ஸ், இன்னொண்ணு ஜேஎம்எஸ் கியூ (மெசேஜ் வரிசை). ஃபுல் கான்ஃபிக்குக்கு மாத்தி, டிரைவரை மாட்யூலா போட்டு, பழைய சர்வர்ல இருந்து டேட்டாசோர்ஸ், கியூ ரெண்டு பேரையும் எடுத்து எழுதிட்டேன், டெஸ்ட் கனெக்ஷன் ட்ரூ. இயர் ஃபைலும் டிப்ளாய்டுன்னு வந்துருச்சு, லாக்ல ஒரு சிவப்பு வரி இல்ல.

ஆனா அப்ளிகேஷன் வேலை செய்யல. லாகின் பேஜ் வருது, படம், கலர் எல்லாம் சரியா இருக்கு, பட்டனை அமுக்கினா 404. எரரே இல்லாம 404 வந்தா எங்க தேடுறது?

பழைய_ஜாவா:

இந்த சிம்ப்டம் எனக்கு நல்லா தெரியும், இதை பத்தி கொஞ்சம் நீளமா சொல்றேன், ஏன்னா 26ல இருந்து மேல போற எல்லாரும் இங்க தான் மாட்டுறாங்க.

ஜாவா ஈஈயை (ஈஜேபி, சர்வ்லெட் எல்லாம் அடங்குன ஸ்டாண்டர்ட்) 2017ல ஆரக்கிள் எக்லிப்ஸ் ஃபவுண்டேஷன் கையில குடுத்துட்டாங்க, ஆனா ஜாவாங்கிற டிரேட்மார்க்கை குடுக்கல. அதனால ஜாவாஎக்ஸ்னு ஆரம்பிக்கிற பேக்கேஜ் பேரை வச்சுக்கிட்டு உள்ள புதுசா எதையும் சேர்க்க முடியாத நிலைமை, 2020ல வந்த ஜகார்த்தா ஈஈ 9ல (ஜாவா ஈஈயோட புது பேரு தான் ஜகார்த்தா ஈஈ) எல்லா பேக்கேஜ் பேரையும் ஜகார்த்தான்னு மாத்திட்டாங்க. டாம்கேட்ல இது 10ல மாறுச்சு, வைல்ட்ஃப்ளைல 27ல. உங்க அப்ளிகேஷன் 26ல ஓடுச்சுன்னா அது ஜாவாஎக்ஸ் பேர்ல எழுதுனது, 31க்கு அந்த பேரு எதுவும் தெரியாது.

ஏன் எரர் வரலன்னா, டிப்ளாய் ஆகும்போது சர்வர் கிளாஸ் ஃபைல்கள்ல அனோட்டேஷனை (இந்த கிளாஸ் இன்னதுன்னு சொல்ற குறி) தேடும், அது தேடுறது ஜகார்த்தா வெப்சர்வ்லெட், ஜகார்த்தா ஸ்டேட்லெஸ் இதையெல்லாம். உங்க கிளாஸ்ல இருக்கிறது ஜாவாஎக்ஸ் வெப்சர்வ்லெட். அதை சர்வர் சர்வ்லெட்டாவே எண்ணாது, யாரும் அந்த கிளாஸை லோட் பண்ணவும் மாட்டாங்க, லோட் பண்ணா தானே கிளாஸ் காணோம்னு எரர் வரும். எச்டிஎம்எல்லும் ஜேஎஸ்பியும் வந்துரும், அதனால தான் லாகின் பேஜ் நல்லா தெரியுது. வெப்.எக்ஸ்எம்எல்ல (வாரோட கான்ஃபிக் ஃபைல்) சர்வ்லெட்டை எழுதி வச்சிருந்தா டிப்ளாய்லயே கத்தியிருக்கும், ஒரு விதத்துல அது நல்லது.

உறுதி பண்ண ஒரு வழி, டிப்ளாய் ஆகுறப்போ ஒவ்வொரு செஷன் பீனுக்கும் ஜாவா குளோபல்னு ஆரம்பிக்கிற ஜேஎன்டிஐ பேர்களை லாக்ல வரிசையா போடும். பழைய சர்வர் லாக்ல அது இருக்கும். புதுசுல அந்த வரி ஒண்ணு கூட இல்லன்னா உங்க பீன் எதையும் சர்வர் பார்க்கவே இல்லன்னு அர்த்தம்.

சரி பண்றதுக்கு சோர்ஸ் இருந்தா சோர்ஸ்ல மாத்தி திரும்ப பில்ட் பண்றது தான் நல்லது. ஆனா ஜாவாஎக்ஸ்னு கண்ட இடத்துல எல்லாம் ஃபைண்ட் ரிப்ளேஸ் போட்டுராதீங்க! ஜாவாஎக்ஸ் எஸ்கியூஎல், நேமிங், கிரிப்டோ, நெட் இதெல்லாம் ஜேடிகே (ஜாவா இன்ஸ்டால் பண்ணும்போது வர்ற கிட்) கூட வர்றது, அது மாறல, மாத்துனா கம்பைலே ஆகாது. டிரான்சாக்ஷன் மாறும், ஆனா அதுக்கு உள்ள இருக்கிற எக்ஸ்ஏங்கிற பேக்கேஜ் மட்டும் மாறாது, இதுல நிறைய பேர் இடறுவாங்க. சோர்ஸ் இல்லன்னா எக்லிப்ஸ் டிரான்ஸ்ஃபார்மர்னு ஒரு டூல் இருக்கு, இயர் ஃபைலை குடுத்தா உள்ள இருக்கிற வார், ஜார் வரைக்கும் போய் பேரை மாத்தி புது ஃபைல் குடுக்கும், டாம்கேட் ஆளுங்களும் இதே மாதிரி ஒரு மைக்ரேஷன் டூல் வச்சிருக்காங்க. அப்படியே இயர் ஃபைலோட லிப் ஃபோல்டரையும் பாருங்க, ஜாவா ஈஈ ஏபிஐ ஜார், சர்வ்லெட் ஏபிஐ ஜார் மாதிரி ஏதாவது உள்ள இருந்தா தூக்கிருங்க, அது சர்வர் குடுக்க வேண்டியது, மேவன்ல (பில்ட் டூல்) அதுக்கு ஸ்கோப் ப்ரோவைடட்னு தான் இருக்கணும். ஸ்ப்ரிங் (ஒரு ஜாவா ஃப்ரேம்வொர்க்) இருந்தா 5 ஆகாது, 6க்கு போகணும், அதுக்கு ஜாவா 17 வேணும், உங்ககிட்ட அது இருக்கு.

லாக்_வாசகன்:

அண்ணே சொல்றது எல்லாம் சரி, நான் இதை யோசிக்காம விட்டது டேட்டாசோர்ஸ் தான் முதல்ல நின்னதால. ஆனா ஒரு இடத்துல நான் மாறுபடுறேன். பழைய மெஷினை எடுக்க போறாங்கன்னு சொல்றாங்க, இந்த அவசரத்துல டூல் போட்டு மாத்தின இயர் ஃபைலை நேரா புரொடக்ஷன்ல ஏத்துறது எனக்கு சரியா படல. புது மெஷின்ல 26ஐயே போட்டு ஓட விடலாம், 26.1 ஜாவா 17லயும் ஓடும். மெஷின் மாத்துற வேலை ஒண்ணு, வெர்ஷன் மாத்துற வேலை இன்னொண்ணு, ரெண்டையும் ஒரே நாள்ல பண்ணா எது உடைஞ்சாலும் எதனாலன்னு கண்டுபிடிக்கவே முடியாது.

பழைய_ஜாவா:

தம்பி சொல்றது நியாயம் தான், தற்காலிகமா 26 ஓகே. ஆனா வைல்ட்ஃப்ளைல பழைய வெர்ஷனுக்கு செக்யூரிட்டி ஃபிக்ஸ் பின்னாடி வராது, புது வெர்ஷன்ல தான் வரும், அதனால தற்காலிகம்னா எந்த தேதி வரைக்கும்னு எழுத்துல வாங்கிக்கோங்க நிலா, இல்லன்னா அது அப்படியே வருஷக்கணக்குல ஓடும். அதே மெஷின்லயே 31ஐயும் பக்கத்துல வச்சு டெஸ்ட் பண்ணலாம், போர்ட் ஆஃப்செட் (எல்லா போர்ட் நம்பரையும் அவ்வளவு கூட்டுற செட்டிங்) 100னு குடுத்தா 8080 போய் 8180 ஆகும், மேனேஜ்மென்ட் போர்ட் 9990 போய் 10090 ஆகும், ரெண்டும் மோதாது. டேட்டாபேஸ் மட்டும் கண்டிப்பா தனி காப்பியா இருக்கணும்.

டெஸ்ட்ல முக்கியமா புது ரெக்கார்ட் சேர்க்கிறதை பாருங்க. ஹைபர்நேட் (ஜாவா ஆப்ஜெக்டை டேபிள்ல சேமிக்கிற லைப்ரரி) 5ல இருந்து 6க்கு போகுறீங்க, ஐடி ஜெனரேட்டரை ஆட்டோன்னு விட்டிருந்தா முன்னாடி எல்லா டேபிளுக்கும் ஹைபர்நேட் சீக்குவன்ஸ்னு ஒரே சீக்குவன்ஸ் (அடுத்த ஐடி நம்பரை தர்ற கவுண்டர்), 6ல ஒவ்வொரு என்டிட்டிக்கும் (டேபிளுக்கான ஜாவா கிளாஸ்) தனி சீக்குவன்ஸ் தேடும். படிக்கிறது எல்லாம் அழகா ஓடும், முதல் இன்சர்ட்ல சீக்குவன்ஸ் இல்லன்னு விழும். பழைய பேரிடும் முறைக்கே திரும்ப பெர்சிஸ்டன்ஸ்.எக்ஸ்எம்எல்ல ஒரு ப்ராப்பர்ட்டி இருக்கு, அதை வச்சு சமாளிக்கலாம். அந்த ஃபைல்லயே ஜாவாஎக்ஸ் பெர்சிஸ்டன்ஸ்னு ஆரம்பிக்கிற ப்ராப்பர்ட்டி பேர்களும் இருக்கும், அதையும் மாத்தணும்.

நிலா_டெவ்:

பார்த்துட்டேன் அண்ணா, ஜாவா குளோபல் வரி புது லாக்ல ஒண்ணு கூட இல்ல, பழைய லாக்ல வரிசையா இருக்கு. லிப் ஃபோல்டர்ல ஜாவா ஈஈ ஏபிஐ ஜாரும் இருக்கு. டீம் லீட்கிட்ட பேசிட்டேன், புது மெஷின்ல இப்போதைக்கு 26, பக்கத்துல 31 ஆஃப்செட் போட்டு டெஸ்டுக்கு, சோர்ஸ் மாத்துறதை டெவலப்பர் டீம் எடுத்துக்கிறாங்க, தேதியும் மெயில்ல போட சொல்லிட்டேன். 26 ஏத்தியாச்சு, லாகின் போகுது, பீன் எல்லாம் வந்துருச்சு. முன்னாடி ப்ராக்ஸியா என்ஜின்எக்ஸ் (ஒரு வெப் சர்வர்) வைக்கணும், அதுல கவனிக்க வேண்டியது ஏதாவது இருக்கா?

சர்வர்_காவல்:

என்ஜின்எக்ஸ் பத்தி நான் சொல்றேன். வைல்ட்ஃப்ளையோட லிசனர்ல (ரிக்வெஸ்டை வாங்குற பகுதி) ப்ராக்ஸி அட்ரஸ் ஃபார்வர்டிங் ட்ரூன்னு வைங்க, என்ஜின்எக்ஸ்ல இருந்து ஃபார்வர்டட் ஃபார், ஃபார்வர்டட் ப்ரோட்டோ ஹெடர் ரெண்டையும் அனுப்புங்க. இல்லன்னா எச்டிடிபிஎஸ்ல வந்த யூசரை லாகின் முடிஞ்சதும் எச்டிடிபிக்கு தூக்கி போடும், ஆக்சஸ் லாக்லயும் எல்லாரோட ஐபியும் ப்ராக்ஸியோட ஐபியா தான் தெரியும். ஃபைல் அப்லோட் இருந்தா லிமிட் ரெண்டு இடத்துல இருக்கு, என்ஜின்எக்ஸ்ல டீஃபால்ட் 1 எம்பி, வைல்ட்ஃப்ளைல 10 எம்பி, ரெண்டையும் கூட்டணும்.

டேட்டாபேஸ் கனெக்ஷன் பூல் (திறந்தே வச்சிருக்கிற கனெக்ஷன்கள்) டீஃபால்ட் அதிகபட்சம் 20. பத்தலன்னு சும்மா ஏத்திட்டு போகாதீங்க, போஸ்ட்கிரெஸ்னா டீஃபால்ட் 100 கனெக்ஷன் தான், நாளைக்கு நாலு சர்வர் வச்சு ஆளுக்கு 30ன்னு குடுத்தா டேட்டாபேஸ் கதவை சாத்திரும். மெமரி கேட்டீங்களே, கூட வர்ற கான்ஃப் ஃபைல்ல ஹீப் (ஜாவா எடுத்துக்கிற மெமரி) 512 எம்பி தான், புரொடக்ஷனுக்கு அது பெரும்பாலும் பத்தாது, லோட் டெஸ்ட் பண்ணி பார்த்து முடிவு பண்ணுங்க.

9990 மேனேஜ்மென்ட் போர்ட்டை மட்டும் வெளிய திறந்துராதீங்க ப்ளீஸ், அது லோக்கல்லயே இருக்கட்டும், வேணும்னா எஸ்எஸ்எச் டனல்ல போய் பாருங்க. சர்வரையும் ரூட்ல ஓட்டாம தனி யூசர் போட்டு சிஸ்டம்டி சர்வீஸா வைங்க, அந்த யூசருக்கு ஸ்டாண்டலோன் ஃபோல்டர்ல எழுத பெர்மிஷன் இருக்கான்னு பார்த்துக்கோங்க, இல்லன்னா அந்த டிப்ளாய்டு, ஃபெயில்டு குட்டி ஃபைலையே அதால எழுத முடியாது.