மருத்துவ வேதியியலும் வெளிநாட்டில் ஓர் ஆண்டும்: அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். லண்டனில் ஏ லெவல் படிக்கும் என் மகளுக்கு மருந்து மூலக்கூறுகளை வடிவமைக்கும் மருத்துவ வேதியியல் மீது தீராத ஆசை. சாலிசிலிக் அமிலத்தோடு அசிட்டைல் என்ற ஒரு சிறு அணுத்தொகுதி சேர்ந்தால் ஆஸ்பிரின் ஆகிவிடும் என்று படித்த நாளிலிருந்து வீட்டில் இதே பேச்சுதான். லீட்ஸ், கிளாஸ்கோ பல்கலைக்கழகங்களைப் பார்த்து வைத்திருக்கிறாள். இடையில் ஓர் ஆண்டு வெளிநாட்டில் படிக்கவும் விருப்பம்.

இங்கிலாந்துப் பல்கலைக்கழகங்கள் அந்த ஆண்டுக்கு, அரசு வைத்திருக்கும் கல்விக் கட்டண உச்சவரம்பில் 15 விழுக்காடு வரைதான் வாங்கலாம். சரி, வாடகை, விசா, காப்பீட்டுக்கு எவ்வளவு ஆகும்? அங்கே ஆய்வகத்தில் மூலக்கூறுகளை உருவாக்கும் வேலை உண்மையிலேயே கிடைக்கிறதா, வகுப்போடு முடிந்துவிடுமா? அப்புறம், அதற்குப் பதில் மருந்து நிறுவனத்தில் ஓர் ஆண்டு பயிற்சி எடுப்பது மேலா? எனக்கு இதுதான் பெரிய குழப்பம்.

போய் வந்தவர்கள், பிள்ளைகளை அனுப்பியவர்கள் தயவுசெய்து எழுதுங்கள். ஜனவரிக்குள் யூகாஸில் (பல்கலைக்கழக விண்ணப்ப அமைப்பு) ஐந்து தெரிவுகள் வரை பதிய வேண்டும்.