தண்ணீர் வளைகிறது, கார்பன் டை ஆக்சைடு நேராக நிற்கிறது. ஏன்?

ரங்கூன் அக்கா:
வணக்கம். பள்ளியில் பர்மிய மொழியில் கேட்டுவிட்டு வரும் தங்கைக்கு வீட்டில் தமிழில் வேதியியல் சொல்லிக்கொடுக்கிறேன். ஊறவைத்த கொண்டைக்கடலையில் ஈர்க்குச்சி குத்தி மூலக்கூறு செய்கிறோம். கார்பன் டை ஆக்சைடு நேர்கோடாக வந்தது, சரி. தண்ணீரையும் அவள் அப்படியே நேராகச் செய்துவிட்டாள். "நடுவில் ஒன்று, பக்கத்துக்கு ஒன்று. இரண்டுக்கும் அதே கணக்குதானே?" என்கிறாள். எனக்குப் பதில் வரவில்லை. அமோனியாவும் மூன்று காலை விரித்து மேசையில் தட்டையாகக் கிடக்கிறது. எங்கே தப்பு?

பெகு வாத்தியார்:
நல்ல கேள்வி கேட்டிருக்கிறாள் அம்மா. நீங்கள் அணுக்களை மட்டும் எண்ணிவிட்டீர்கள். நடு அணுவைச் சுற்றியுள்ள எலக்ட்ரான் கூட்டங்களை எண்ண வேண்டும். கார்பனின் வெளிக்கூட்டில் 4 எலக்ட்ரான். நான்கும் இரண்டு இரட்டைப் பிணைப்புகளுக்குப் போய்விடும். ஓர் இரட்டைப் பிணைப்பு ஒரு கூட்டம். ஆக இரண்டே கூட்டம், ஒன்றையொன்று தள்ளி 180 பாகையில் நிற்கும்.

ஆக்சிஜனுக்கு 6. ஹைட்ரஜன்களோடு சேர 2 போனால் மீதி 4, அதாவது பிணைப்பில் சேராத இரண்டு எலக்ட்ரான் ஜோடிகள்; இவற்றைத் தனி இரட்டைகள் என்போம். கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் அவையும் இடம் கேட்கும். இரண்டு பிணைப்போடு சேர்த்து மொத்தம் நான்கு கூட்டம். நான்கு பலூன்களை முடிச்சோடு முடிச்சாகக் கட்டினால் தானாகவே நான்முகியாக, அதாவது நான்கு முக்கோண முகங்கள் கொண்ட வடிவத்தின் நான்கு மூலைகளை நோக்கி விரியும், அதே வடிவம். நான்கு குச்சி குத்தி, தனி இரட்டைக்குப் புளி உருண்டை வையுங்கள்.

ரங்கூன் அக்கா:
நான்காவது குச்சியில் கடலை இரண்டாகப் பிளந்துவிட்டது சார்! உருளைக்கிழங்குத் துண்டுக்கு மாறினோம். புளியை உச்சியில் வைத்ததும் அமோனியா முக்காலி மாதிரி எழுந்து நின்றது. ஆனால் நான்முகிக்கு 109.5 பாகை. தண்ணீருக்கு 104.5 என்று போட்டிருக்கிறதே?

மாண்டலே தம்பி:
அக்கா, பிணைப்பு இரட்டையை இரண்டு அணுக்கருக்கள் இழுத்துப் பிடித்திருக்கின்றன. தனி இரட்டையைப் பிடிக்க ஒன்றுதான். அதனால் அது அகலமாகப் பரவி மற்றவற்றை நெருக்கும். மீத்தேனில் தனி இரட்டை இல்லை, 109.5. அமோனியாவில் ஒன்று, 107. தண்ணீரில் இரண்டு, 104.5.

பெகு வாத்தியார்:
தம்பி சொன்னது சரி. அப்புறம், மூன்று கால் என்றாலே முக்காலி என்று தங்கை நினைத்துவிடக் கூடாது. போரான் ட்ரைஃபுளோரைடு தட்டைதான், 120 பாகை. போரானுடைய 3 எலக்ட்ரானும் பிணைப்பில் செலவாகிவிடும். இனி நீங்கள் சொல்லாமல் அவளே சல்ஃபர் டை ஆக்சைடு செய்யட்டும்.

ரங்கூன் அக்கா:
செய்துவிட்டாள் சார். "சல்ஃபருக்கு 6, இரண்டு இரட்டைப் பிணைப்புக்கு 4 போக ஒரு தனி இரட்டை, மூன்று கூட்டம்" என்று எண்ணிக்கொண்டே ஒரே ஒரு புளி உருண்டை எடுத்தாள். வளைந்துதான் வந்தது.

பெகு வாத்தியார்:
அதேதான். கோணம் சுமார் 119.