டிரான்ஸ்கோடிங் நடந்தாலே சர்வர் தப்பா?

பழையவட்டு:
வீட்டில் சேர்த்து வைத்த படங்களை டிவிக்கு அனுப்பும் சர்வரை அமைப்பது பற்றிப் புதியவர்களுக்காக ‘நேர்வழி’ எழுதிய வழிகாட்டியில் ஒரு வரி: “டிரான்ஸ்கோடிங் நடக்கிறது என்றாலே சர்வரைத் தப்பாக அமைத்திருக்கிறீர்கள். ராஸ்பெர்ரி பை 5 தாராளமாகப் போதும்.” டிரான்ஸ்கோடிங் என்றால் படம் ஓடும்போதே சர்வர் அதை வேறு வடிவத்துக்கு மாற்றி அனுப்புவது. அந்த வரியை நம்பி ஒருவர் பை என்ற அந்தச் சின்னக் கணினியை வாங்கிவிட்டார். 4கே படத்தில் சப்டைட்டிலைப் போட்டதும் ஓட்டம் நின்றுவிடுகிறது என்று இப்போது கேட்கிறார். நிற்காமல் என்ன செய்யும்? ப்ளூரேயிலிருந்து எடுத்த கோப்பில் வருவது பிஜிஎஸ் சப்டைட்டில். அது எழுத்து அல்ல, படம். டிவி செயலிக்கு அதைக் காட்டத் தெரியாவிட்டால் சர்வர்தான் வீடியோவின் மேல் ஒட்டி, முழுப் படத்தையும் திரும்ப என்கோட் செய்து (புதிதாகச் சுருக்கி) அனுப்ப வேண்டும். பை 5-இல் வன்பொருள் என்கோடரே, அதாவது அந்த வேலைக்கென்ற தனிச் சுற்றே, கிடையாது. பை 4-இல் இருந்த எச்.264 (பரவலான வீடியோ வடிவம்) என்கோடரையும் எடுத்துவிட்டார்கள். இதில் வாங்கியவர் எங்கே தப்பாக அமைத்தார்?

நேர்வழி:
முழு வழிகாட்டியில் ஒரு வரியைப் பிய்த்து எடுத்துக்கொண்டு வந்திருக்கிறீர்கள். சப்டைட்டிலை ஓசிஆர் செய்து, அதாவது படத்திலிருந்து எழுத்தாக மாற்றி, எஸ்ஆர்டி என்ற எழுத்துக் கோப்பாகப் பக்கத்தில் வைத்தால் வேலை முடிந்தது. அல்லது கோடி என்ற மென்பொருள் போட்ட நல்ல பிளேயர் பெட்டியில் பாருங்கள், பிஜிஎஸ் நேரடியாகவே வரும். கோப்பைச் சரியாகத் தயார் செய்யாதவருக்கு என் வரி கசக்கத்தான் செய்யும்.

பழையவட்டு:
ஓசிஆர் செய்து பார்த்திருக்கிறீர்களா? பெரிய எழுத்து ‘ஐ’யும் சின்ன எழுத்து ‘எல்’லும் மாறி மாறி வரும், சாய்வெழுத்து வந்தால் இன்னும் மோசம். திரையின் மேல் பக்கத்தில் வர வேண்டிய வரி கீழே வந்து நிற்கும். நூற்றுக்கணக்கான படம் வைத்திருப்பவர் ஒவ்வொன்றாக உட்கார்ந்து திருத்துவாரா? குவிக் சிங்க் (வீடியோவை மாற்றும் வன்பொருள் வசதி) உள்ள இன்டெல் சில்லு ஒன்று இருந்தால் இந்தப் பேச்சே இல்லை. 2011 முதல் அந்த வசதி இருக்கிறது. 4கே படங்களில் வரும் 10-பிட் எச்இவிசி வடிவம் வேண்டுமானால் ஏழாம் தலைமுறை இன்டெல் போதும். இன்டெல் என்100 போட்ட சின்னப் பெட்டியில் இருப்பது வெறும் 6 வாட் சில்லு. அதையும் வழிகாட்டியில் எழுதியிருக்கலாம், எழுதவில்லை.

கம்பிவலை:
இரண்டு பேரும் வீட்டுக்குள்ளேயே நிற்கிறீர்கள். வெளியூரில் இருந்து பார்க்கும்போது அப்லோட் வேகம் 20 எம்பிபிஎஸ் (நொடிக்கு மெகாபிட்), கோப்பு 60 எம்பிபிஎஸ் என்றால் சப்டைட்டில் இல்லாமலேயே டிரான்ஸ்கோடிங் வந்துதான் தீரும். வீட்டுக்குள்ளும் பல டிவிகளின் ஈதர்நெட் துளை 100 எம்பிபிஎஸ்தான். 4கே வட்டின் உச்ச பிட்ரேட் (நொடிக்கு வரும் தரவு) அதைத் தாண்டும். கேட்டவர் கேபிளில் பார்க்கிறாரா, வைஃபையிலா?

பழையவட்டு:
அது வேறு கதை. நான் கேட்டது பிஜிஎஸ். அதற்குப் பதில் வரட்டும்.

திறமூலம்:
முதலில் அவர் எந்த மென்பொருளில் ஓட்டுகிறார்? பிளெக்ஸ் என்ற சர்வர் மென்பொருள் என்றால் வன்பொருள் டிரான்ஸ்கோடிங்குக்கே காசு கொடுத்து பிளெக்ஸ் பாஸ் வாங்க வேண்டும். 2025 ஏப்ரலில் இருந்து சொந்தக் கோப்பை வெளியில் இருந்து பார்ப்பதற்கும் காசு கேட்கிறார்கள். ஜெல்லிஃபின் என்ற திறமூல மென்பொருளில் இரண்டும் இலவசம். எம்பி (Emby) என்ற சர்வர் மென்பொருள் மூலநிரலை மூடியபோது, 2018 டிசம்பரில் அதிலிருந்து பிரிந்து வந்து ஜெல்லிஃபினைத் தொடங்கியவர்கள் இன்றுவரை ஒரு வசதியையும் பூட்டி வைக்கவில்லை.

மாலைநேரம்:
ஆரம்பித்துவிட்டார்! எதைக் கேட்டாலும் ஜெல்லிஃபின். என் அப்பா டிவியைப் போட்டால் படம் வர வேண்டும், அவ்வளவுதான். ஜெல்லிஃபினை வெளியில் இருந்து பார்க்க விபிஎன் (வீட்டு வலைக்குள் வரும் பாதுகாப்பான தனி வழி) போட அவருக்குச் சொல்லிக்கொடுக்க என்னால் முடியாது. நீங்கள் ஜெல்லிஃபினின் வாசலான 8096 போர்ட்டை அப்படியே இணையத்துக்குத் திறந்து வைக்கச் சொன்னவர், எங்களுக்குப் புத்தி சொல்கிறீர்கள்.

திறமூலம்:
ரிவர்ஸ் பிராக்சி (முன்னால் நின்று வாங்கி அனுப்பும் சர்வர்) வைத்து, சான்றிதழோடு மறைகுறியாக்கம் செய்யும் எச்டிடிபிஎஸ்ஸில் திறக்கச் சொன்னேன். பாதியை விழுங்கிவிட்டுப் பேசாதீர்கள். 2022 ஆகஸ்டில் பிளெக்ஸின் தகவல் கசிந்து எல்லோரும் கடவுச்சொல்லை மாற்ற வேண்டி வந்ததே, அப்போது உங்கள் அப்பாவுக்கு யார் மாற்றிக் கொடுத்தது?

மாலைநேரம்:
நான்தான். இரண்டு நிமிட வேலை. உங்கள் எச்டிடிபிஎஸ் சான்றிதழ் காலாவதியானால் அதைச் சரிசெய்ய யார் வருவார்?

நேர்வழி:
பழையவட்டு சாருக்குப் பழைய கணக்கு ஒன்று இருக்கிறது, அதுதான் இங்கே பேசுகிறது. ரெய்ட் (ஒரு ஹார்ட் டிஸ்க் கெட்டாலும் தரவு போகாதபடி பல டிஸ்க்குகளைச் சேர்த்து வைப்பது) இருந்தால் பேக்கப் வேண்டாம் என்று எழுதியவர் இவர். நான் மறுத்தேன். அன்றிலிருந்து என் பெயரைப் பார்த்தாலே ஆகாது.

பழையவட்டு:
நான் அப்படி எழுதவே இல்லை. வட்டிலிருந்து மறுபடி எடுக்க முடிகிற படங்களுக்கு ரெய்ட் போதும், குடும்பப் படங்களுக்குத் தனியாகப் பிரதி வேண்டும் என்று எழுதினேன். இரண்டாவது பாதியை வெட்டிவிட்டுத்தான் அன்றும் சண்டைக்கு வந்தீர்கள், இன்றும் வருகிறீர்கள். சரி, பிஜிஎஸ்ஸுக்கு வாருங்கள். டிவி செயலி காட்டாது, சர்வர் ஒட்டியாக வேண்டும், பை 5-ஆல் 4கேயில் அது முடியாது. இதில் எது பொய்?

நேர்வழி:
டிவி செயலியில் பார்ப்பதே தப்பு என்கிறேன். பிளேயர் வாங்கட்டும்.

பழையவட்டு:
பை வாங்கியவர் இனி பிளேயரும் வாங்க வேண்டும். அந்தக் காசுக்கு முதலிலேயே என்100 வாங்கியிருப்பார். வீட்டில் மூன்று டிவி இருந்தால் மூன்று பிளேயரா? “தாராளமாகப் போதும்” என்று எழுதினீர்களே, அதில் இந்தப் பிளேயர் எங்கே இருந்தது?

கம்பிவலை:
கேபிளா வைஃபையா என்று இன்னும் யாரும் சொல்லவில்லை.

திறமூலம்:
ஜெல்லிஃபின் டாஷ்போர்டில் டிரான்ஸ்கோடிங்குக்கான காரணத்தையே எழுதிக் காட்டும். அதைப் பார்த்தால் போதும்.

மாலைநேரம்:
எது டிரான்ஸ்கோட் ஆகிறது என்று பிளெக்ஸும் காட்டும்.

நேர்வழி:
வழிகாட்டியில் ஒரு எழுத்தைக்கூட மாற்றப் போவதில்லை. கோப்பு சரியாக இருந்தால் சர்வர் சும்மா அனுப்பினால் போதும்.

பழையவட்டு:
சரி, வட்டிலிருந்து எடுத்தபடியே இருக்கும் கோப்பு தப்பான கோப்பா? அதில் இருப்பது பிஜிஎஸ்தான். மூன்றாவது முறையாகக் கேட்கிறேன்.