ஆச்சி வீடு குரூப்: சனிக்கிழமை ரிசப்ஷன் பாட்டு

பெரிய மைனி: பேண்டுகாரங்க பாட்டு லிஸ்ட் இன்னைக்கே கேக்காங்க. பாப்பா "ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ" பாடுதாளாம். சரிதானே?

சின்னவன்: 🔥🔥

கோயில்பட்டி அத்தை: விட்னி ஹூஸ்டன் பாட்டுதானே. கேக் வெட்டும்போது வைங்க

பாளை சித்தப்பா: மைனி, அது பிரிவுப் பாட்டு. எழுதினது அமெரிக்க கன்ட்ரி பாடகி டாலி பார்ட்டன், 1973ல. போர்ட்டர் வேகனர் டிவி நிகழ்ச்சியில 1967லருந்து கூடப் பாடினவங்க, தனியாப் போகணும்னு முடிவெடுத்து அவர்ட்ட விடைபெற எழுதினது. தொடக்கமே "நான் இருந்தா உனக்கு இடைஞ்சல், போறேன்"னுதான் வரும்.

சென்னை அண்ணன்: அர்த்தம் யாரு கவனிக்கா சித்தப்பா

பாளை சித்தப்பா: பொண்ணு வீட்ல ரெண்டு பேரு இங்கிலீஷ் டீச்சர்.

பெரிய மைனி: அய்யோ

பாப்பா: அப்ப பாட வேண்டாமா 😭

பாளை சித்தப்பா: பாடு மக்களே, இடத்தை மட்டும் மாத்து. வியாழக்கிழமை பெரியத்தை ரிட்டயர்மென்ட் கூட்டத்துக்கு அப்படியே பொருந்தும்.

கோயில்பட்டி அத்தை: பெரியத்தைக்குன்னா மட்டும் எல்லாம் தேடித் தேடிச் செய்வீங்க

பெரிய மைனி: அத்தை, அதை இங்க எடுக்காதீங்க

சென்னை அண்ணன்: 14 வாரம் நம்பர் ஒன்னா இருந்தது இதானே?

பாளை சித்தப்பா: இதேதான். விட்னி பாடினது 1992 நவம்பர் கடைசியில அமெரிக்காவோட பில்போர்டு ஹாட் 100 பட்டியல்ல முதலிடத்துக்கு ஏறி, 1993 பிப்ரவரி கடைசி வரை இறங்கல. 1992லயே பாய்ஸ் டு மென் குழு வெச்ச 13 வாரத்தைத் தாண்டிச்சு. பிரிட்டன்ல 10 வாரம். டாலி பாடினதே கன்ட்ரி பட்டியல்ல 1974ல முதலிடம், திரும்பப் பதிவு பண்ணி 1982ல மறுபடியும் முதலிடம். நடுவுல எல்விஸ் பாடக் கேட்டப்ப அவர் மேனேஜர் பதிப்புரிமையில பாதி கேட்டாரு. டாலி தரல. தந்திருந்தா விட்னி பாட்டுல வந்த பதிப்புரிமைக் காசுலயும் பாதி போயிருக்கும்.

கோயில்பட்டி அத்தை: பிரியாணிக்கு எத்தனை கிலோ சொல்லியிருக்கு?

மதுரை மாமா: 40 கிலோ அரிசி. 400 பேருக்கு

கோயில்பட்டி அத்தை: போன தடவை மாதிரி கடைசிப் பந்திக்கு இல்லாமப் போயிரக் கூடாது

மதுரை மாமா: 🙏

பாப்பா: சித்தப்பா, கீபோர்டு அண்ணன்ட்ட என்ன சொல்லணும்?

பாளை சித்தப்பா: அசல் சுருதி ஆறு கட்டை, கடைசிப் பல்லவி ஏழு கட்டைக்கு ஏறும். உச்சத்துல இழுத்தா நீ அஞ்சுல எடுத்து ஆறுக்குப் போ. முதல் முக்கால் நிமிஷம் வாத்தியமே கிடையாது, "தி பாடிகார்ட்" படத்துக்காக அதுல ஹீரோவா நடிச்ச கெவின் காஸ்ட்னர் பிடிவாதமா வெச்சது. கஷ்டமே அங்கதான். சுருதி கொஞ்சம் நழுவினாலும் தனியாப் பாடும்போது தெரியாது, கீபோர்டு உள்ள வந்த உடனே தெரியும். அதனால தொடங்குற சுரத்தை உன் பக்கம் திரும்பின மானிட்டர் ஸ்பீக்கர்ல மட்டும் ஒரு தடவை கேக்க வைக்கச் சொல்லு.

பாளை சித்தப்பா: ஏழு கட்டைக்கு ஏறுறதுக்கு முன்னாடி எல்லாம் நிக்கும், டிரம்ஸ் ஒரே அடி, உடனே நீ. டிரம்ஸ்காரர் எண்ணக் கூடாது, உன் மூச்சைப் பாக்கணும். எண்ணினாருன்னா நீ மூச்சு எடுக்கும் முன்ன அடி விழுந்துரும்.

பாளை சித்தப்பா: சவுண்ட் செக்ல கடைசிப் பல்லவியை முதல்ல பாடிக் காட்டு. மெல்லிசா வர்ற தொடக்கத்தை வெச்சு மைக்கை ஏத்தினா, முடிவுல ஸ்பீக்கர் கத்தும்.

பெரியத்தை: எங்க ஹால்ல ஒரே ஸ்பீக்கர்தான் தம்பி. மானிட்டர் எல்லாம் கிடையாது

பாளை சித்தப்பா: அப்ப போன்ல சுருதி ஆப் போட்டு ஒரு காதுல இயர்போன், மைனி.

சின்னவன்: சாக்ஸபோனுக்கு?

பாளை சித்தப்பா: ஆள் இல்லன்னா கிட்டார் வாசிக்கட்டும். கீபோர்டு சாக்ஸ் டோன் வேண்டாம், விட்னி பதிவுல சாக்ஸபோன் கலைஞர் கிர்க் வேலம் வாசிச்ச குழைவு அதுல வராது. மூணாவது சரணத்தை மட்டும் நேரமில்லன்னு வெட்ட விடாத, வாழ்த்தே அதுலதான் இருக்கு. பாடகி லிண்டா ரான்ஸ்டட் 1975ல பாடினதுல அது கிடையாது. அந்தப் பதிவை வெச்சு வேலை பண்ணின விட்னி பாட்டுத் தயாரிப்பாளர் டேவிட் ஃபாஸ்டருக்கு டாலியே போன்ல சொல்லித்தான் விட்னி பதிவுல சேந்துச்சு.

பெரியத்தை: அந்த மூணாவது சரணம் வேணும் எனக்கு

பெரிய மைனி: ரிசப்ஷனுக்கு என்ன எழுத?

பாளை சித்தப்பா: "எண்ட்லெஸ் லவ்". லயனல் ரிச்சியும் டயானா ராஸும், 1981, 9 வாரம் முதலிடம். பாப்பாவும் சின்னவனும் சேந்து பாடலாம்.

சின்னவன்: நானா

கோயில்பட்டி அத்தை: தயிர்ப் பச்சடி யாரு பொறுப்பு?

சென்னை அண்ணன்: பாட்டை ராத்திரி கால்ல பேசுவோம்

பெரிய மைனி: அவங்க அஞ்சு மணிக்குள்ள கேக்காங்க