ஜிஞ்சர் மெக்கெய்னின் நான்கு கிராண்ட் நேஷனல் வெற்றிகள்: பார்த்தவர்கள், கேட்டவர்கள் எழுதுங்கள்

சவுத்போர்ட்டிலிருந்து

லிவர்பூல் எய்ன்ட்ரீ மைதானத்துக்குப் போனவர்கள், அங்கே வருடா வருடம் நடக்கிற, தடைகளைத் தாண்டி ஓடும் குதிரைப் பந்தயமான கிராண்ட் நேஷனலை நேரிலோ டிவியிலோ பார்த்தவர்கள், மெக்கெய்னைப் பற்றி அந்த ஊர்க்காரர்களிடம் கேட்டவர்கள் எல்லோரும் இங்கே எழுதுங்கள். முதலில் என் பங்கு.

ஒரே பந்தயத்தை நான்கு முறை ஜெயித்த ட்ரெய்னர், அதாவது குதிரைகளைப் பழக்கித் தயார் செய்கிறவர் அவர். 1973, 1974, 1977 மூன்றும் ரெட் ரம் என்ற ஒரே குதிரை. நான்காவது 2004-இல், ஆம்பர்லீ ஹவுஸ். அவருக்கு முன்னால் ஃப்ரெட் ரிமெலும், பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜார்ஜ் டாக்கரேயும் நான்கு எடுத்திருக்கிறார்கள். அதைத் தாண்டி யாரும் போனதில்லை.

நான் வேலைக்கு வந்து குடியேறிய ஊர் சவுத்போர்ட், லிவர்பூலுக்கு வடக்கே கடலோரத்தில் இருக்கிறது. பக்கத்திலேயே பர்க்டேல். அங்கே அப்பர் ஆட்டன் ரோட்டில் பழைய கார் விற்கும் கடை வைத்திருந்தார் மெக்கெய்ன், அதோடு டாக்சியும் ஓட்டினார். கடைக்குப் பின்னால்தான் லாயம். எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இருக்கிறார். பள்ளிக்கூடம் போகிற வயதில், காலையில் குதிரைகள் வரிசையாக இந்த வீடுகளுக்கு நடுவே கடற்கரைக்கு நடந்து போவதைப் பார்த்திருக்கிறார். பின்னால் வருகிற கார்கள் ஹாரன் அடிக்காமல் மெதுவாக ஊர்ந்து வருமாம். "அதில் ஒன்று உலகத்திலேயே பேர்பெற்ற குதிரை ஆகப்போகிறது என்று எங்களுக்கு என்ன தெரியும்?" என்றார்.

இங்கே கடற்கரையைப் பார்க்காதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நீர் வற்றும்போது கடல் கண்ணுக்கு எட்டாத தூரம் போய்விடும். மிச்சம் இருப்பதெல்லாம் ஈர மணல். கால் வைத்தால் புதையாது, கல் மாதிரி இடிக்கவும் செய்யாது. மெக்கெய்ன் ஒரு பழைய வண்டியின் பின்னால் பரம்பைக் கட்டி இழுத்து, அந்த மணலைக் கிளறி ஓடுபாதை போட்டுக்கொண்டார். புல்வெளி வைத்திருந்த பணக்கார ட்ரெய்னர்களுக்கு நடுவில் அவருக்குக் கிடைத்த மைதானம் அதுதான்.

1972 ஆகஸ்டில் டான்காஸ்டர் ஏலத்தில் 6,000 கினிக்கு (சுமார் 6,300 பவுண்டு) ரெட் ரம்மை வாங்கினார்கள். பணம் போட்டவர் நோயல் லெ மேர். எண்பது வயதைத் தாண்டியவர், மெக்கெய்னின் டாக்சியில் சவாரி வந்து பழக்கமானவர், ஒரு நேஷனல் ஜெயிக்க வேண்டும் என்று வாழ்நாளெல்லாம் ஆசைப்பட்டவர். வாங்கி வந்து முதன்முதலாக மணலில் விட்டபோதே குதிரை நொண்டியது. குளம்புக்குள் இருக்கிற எலும்பில் அழற்சி, அந்தக் குதிரைக்கு ஏற்கனவே இருந்த கோளாறு. மெக்கெய்ன் அதைக் கடல் நீருக்குள் இறக்கச் சொன்னார். வெளியே வந்தபோது நொண்டல் இல்லை. அப்புறம் அந்த இலையுதிர் காலத்திலேயே வரிசையாக ஐந்து பந்தயங்களை ஜெயித்தது.

லீட்ஸிலிருந்து

அண்ணா, நல்ல இழை. நான் எய்ன்ட்ரீ போனது பந்தய நாளில் இல்லை, சும்மா ஒரு வார நாளில், மைதானத்தைச் சுற்றிக் காட்டுகிறவர்களோடு. அதனால் தடைகளைப் பக்கத்தில் நின்று பார்க்க முடிந்தது. டிவியில் பச்சைச் செடிவேலி மாதிரிதான் தெரியும். கிட்டே போனால் ஸ்ப்ரூஸ் கிளைகளை நெருக்கி நெருக்கிச் செருகியிருக்கிறார்கள். கையை உள்ளே விட்டால் முழங்கை வரை குத்துகிறது. 'தி சேர்' என்கிற தடை ஐந்தடி இரண்டு அங்குலம், அதற்கு முன்னால் அகலமான பள்ளம். அதன் முன்னால் நின்றபோது எதிர்ப்பக்கம் எனக்குத் தெரியவில்லை. ஒரு குதிரை மொத்தம் முப்பது தடைகளைத் தாண்ட வேண்டும், நான்கு மைலுக்கும் மேல் ஓட வேண்டும்.

ரெட் ரம் இந்த மைதானத்தில் ஐந்து நேஷனல் ஓடி, ஒரு முறைகூட விழவில்லை. மூன்று முதலிடம், இரண்டு இரண்டாமிடம். வழிகாட்டி இதைச் சொன்னதும் எங்கள் கூட்டத்தில் பேச்சே நின்றுவிட்டது. 1995-இல் முப்பது வயதில் இறந்த அதை வெற்றிக் கோட்டுப் பக்கத்திலேயே புதைத்திருக்கிறார்கள். யாரோ அன்று காலையில்தான் பூ வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். மெக்கெய்னுக்கும் மைதானத்தில் வெண்கலச் சிலை உண்டு.

டப்ளினிலிருந்து

நான் அயர்லாந்து ட்ரெய்னர் வில்லி மல்லின்ஸ் கட்சி. ஹெட்ஜ்ஹண்டர் 2005, ஐ ஆம் மாக்சிமஸ் 2024, நிக் ராக்கெட் 2025 என்று 2025 வரை அவர் மூன்று எடுத்திருக்கிறார். அதனால் மனசாட்சிப்படி ஒரு கேள்வி கேட்கிறேன், கோபப்படாதீர்கள். மெக்கெய்னின் மூன்று வெற்றியும் ஒரே குதிரையுடையது. அப்படிப்பட்ட குதிரை யார் கையில் கிடைத்திருந்தாலும் ஜெயித்திருக்காதா? 1976-இல் ரெட் ரம்மைத் தோற்கடித்த ராக் ட்ரேட் ரிமெலுடைய குதிரை. அதுதான் அவருடைய நான்காவது. ஈ.எஸ்.பி., நிக்கோலஸ் சில்வர், கே ட்ரிப், ராக் ட்ரேட் என்று நான்கு வெவ்வேறு குதிரைகளோடு ஜெயித்த ரிமெல்தானே பெரியவர்?

சவுத்போர்ட்டிலிருந்து

கோபம் எதற்கு தம்பி, கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் "யார் கையில் கிடைத்திருந்தாலும்" என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். மெக்கெய்னிடம் வருவதற்கு முன் ரெட் ரம் டிம் மொலோனி, பாபி ரென்டன், டாமி ஸ்டாக், அந்தோனி கில்லம் என்று நான்கு ட்ரெய்னர்களின் கையில் இருந்திருக்கிறது. யாரும் சின்ன ஆள் இல்லை. ரென்டன் 1950-இல் ஃப்ரீபூட்டரை வைத்து இதே நேஷனலை ஜெயித்தவர். ஸ்டாக்தான் 1977-இல் ரெட் ரம் மேல் உட்கார்ந்து ஜெயித்த ஜாக்கி! இத்தனை பேரைத் தாண்டி, கால் கோளாறோடு ஏலத்துக்கு வந்த ஏழு வயதுக் குதிரை அது. அதன் காலுக்கு எது ஒத்துக்கொள்ளும் என்று கண்டுபிடித்தவர் மெக்கெய்ன். கடலும் மணலும் தற்செயலாகக் கிடைத்தவை என்றே வைத்துக்கொள்வோம். ஐந்து வருடம் தொடர்ந்து நேஷனலில் அந்தக் குதிரையை முதல் இரண்டு இடத்துக்குள் கொண்டுவந்து நிறுத்தியது தற்செயல் இல்லை. 1974-இல் 12 ஸ்டோன், அதாவது 76 கிலோ சுமந்து ஜெயித்தது. சில வாரத்தில் ஸ்காட்டிஷ் கிராண்ட் நேஷனலையும் ஜெயித்தது.

1973 பந்தயத்தைப் பார்க்காதவர்கள் யூடியூபில் தேடிப் பாருங்கள். கிரிஸ்ப் என்ற ஆஸ்திரேலியக் குதிரை இருபது உடல் நீளத்துக்கும் மேல் முன்னால் போய்விடும். அதன் மேல் 12 ஸ்டோன், ரெட் ரம் மேல் 10 ஸ்டோன் 5 பவுண்டு. கடைசித் தடை தாண்டியதும் கிரிஸ்ப்பின் கால்கள் பின்னத் தொடங்கும். முக்கால் நீளத்தில் ரெட் ரம் ஜெயித்தது. நேரம் 9 நிமிடம் 1.9 விநாடி, பழைய சாதனையைவிடப் பதினெட்டு விநாடிக்கும் மேல் குறைவு. அன்று தோற்ற கிரிஸ்ப்புக்காக நான் இன்னும் வருத்தப்படுகிறேன், அது வேறு விஷயம்.

பர்மிங்காமிலிருந்து

நான்காவது வெற்றியைப் பற்றி யாருமே எழுதவில்லையே. 2004-இல் நான் எய்ன்ட்ரீயில் இருந்தேன். அலுவலக நண்பர்கள் இழுத்துக்கொண்டு போனார்கள், எனக்குக் குதிரை பற்றி ஒன்றும் தெரியாது. கடைசித் தடைக்குப் பிறகு வெற்றிக் கோடு வரை ஏறக்குறைய 450 மீட்டர். நடுவில் வேலி முழங்கை மாதிரி வளையும், அந்த இடத்துக்குப் பெயரே எல்போ. நாங்கள் அதற்குக் கொஞ்சம் தள்ளி நின்றோம்.

நெடுநேரம் முன்னால் ஓடிய ஹெட்ஜ்ஹண்டர் கடைசித் தடையில் விழுந்தது. (டப்ளின் நண்பரே, அடுத்த வருடம் ஜெயித்த உங்கள் குதிரைதான்!) கிளான் ராயல் முன்னணியில் இருந்தது, ஆனால் நேராக ஓட முடியாமல் தடுமாறியது. அதன் பின்னால் ஒரு குதிரை அவசரமே இல்லாமல் ஒரே வேகத்தில் வந்து, எல்போவில் தாண்டிப் போனது. கிரஹாம் லீ ஓட்டிய ஆம்பர்லீ ஹவுஸ். பக்கத்தில் நின்ற லிவர்பூல்காரர் தொப்பியைக் கழற்றி மேலே எறிந்துவிட்டு, "ஜிஞ்சர்! ஜிஞ்சர்!" என்று கத்தினார். குதிரையின் பெயரையோ ஜாக்கியின் பெயரையோ யாரும் சொல்லவில்லை, சுற்றி இருந்த எல்லோரும் ட்ரெய்னரின் பெயரைத்தான் கத்தினார்கள். அவருக்கு அப்போது 73 வயது என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

1977-க்கும் 2004-க்கும் இடையில் 27 வருடம். ரெட் ரம் ஒரு அதிர்ஷ்டம், மெக்கெய்ன் கதை முடிந்தது என்று அவர் காது படவே பேசியிருப்பார்கள். அவரோ ஆம்பர்லீ ஹவுஸை 2003-இல் மூன்றாம் இடத்துக்குக் கொண்டுவந்து, மறுவருடம் அதே குதிரையைப் பன்னிரண்டு வயதில் ஜெயிக்க வைத்தார். ரெட் ரம்மும் 1977-இல் ஜெயித்தபோது பன்னிரண்டு வயதுதான். வயதான குதிரையைக் கெடுக்காமல், அந்த ஒரு நாளுக்காக வருடம் முழுக்கப் பக்குவப்படுத்துவது அவருக்குக் கைவந்த கலை. டப்ளின் நண்பருக்கு என் பதில் அதுதான்.

டப்ளினிலிருந்து

சரி, அந்த 27 வருடக் கணக்கை நான் யோசிக்கவில்லை. ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் மல்லின்ஸ் ஐந்து எடுப்பார், பாருங்கள்.

லீட்ஸிலிருந்து

ஒரு விஷயம் விட்டுப்போச்சு. 1970-களில் எய்ன்ட்ரீ கைமாறி, மைதானத்தையே விற்று வீடு கட்டிவிடுவார்கள் என்ற பயம் இருந்த காலம். ஒவ்வொரு வருடமும் ரெட் ரம் வருமா என்று ஜனங்கள் காத்திருந்ததால்தான் பந்தயத்தின் மேல் அக்கறை அணையாமல் இருந்தது. 1983-இல் பொதுமக்களிடம் நிதி திரட்டி மைதானத்தைக் காப்பாற்றினார்கள். அந்த மனிதரும் குதிரையும் இல்லாமல் அது நடந்திருக்கும் என்று நான் நம்பவில்லை.

சவுத்போர்ட்டிலிருந்து

உண்மை அக்கா. இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2006-இல் அவர் ஓய்வு பெற்று லாயத்தை மகன் டொனால்டிடம் கொடுத்தார். 2011 ஏப்ரலில் டொனால்டின் பாலாபிரிக்ஸ் நேஷனலை ஜெயித்தது. அதே செப்டம்பரில் ஜிஞ்சர் காலமானார். மகன் ஜெயித்ததைப் பார்த்துவிட்டுத்தான் போனார் என்பதில் எனக்கு ஒரு நிம்மதி.

இந்தப் பக்கம் வருகிறவர்கள் லார்டு தெருவில் வேஃபேரர்ஸ் ஆர்கேடுக்குள் போய் ரெட் ரம் சிலையைப் பாருங்கள். கடற்கரைக்கு நீர் வற்றும் நேரம் பார்த்து வாருங்கள், இல்லாவிட்டால் அவர் குதிரை ஓட்டிய மணல் தெரியாது. 1977 பந்தயத்தை நேரில் பார்த்த உறவினர் யாருக்காவது இருந்தால், தயவுசெய்து அவர்களிடம் கேட்டு எழுதுங்கள். அந்த 25 நீள வெற்றியைப் பற்றி இங்கே இன்னும் யாரும் எழுதவில்லை.