ஸ்கேன்: 'வருடல்' வேண்டாம், 'தொடர்திரட்டு' எனலாமா?

> 'வருடல்' ஏற்கெனவே இருக்கிறதே, புதுச்சொல் எதற்கு?

வணக்கம் ஐயா. தாளையும் படத்தையும் வருடும் கருவிக்கு அந்தச் சொல் நிலைத்துவிட்டது, அங்கே மாற்ற வேண்டாம். ஏ.பி.எல். போன்ற அணி மொழிகளில் (மதிப்புகளின் வரிசையை மொத்தமாகக் கையாளும் நிரல்மொழிகள்) ஸ்கேன் செய்யும் வேலை வேறு: அணியின் தொடக்கத்திலிருந்து ஒவ்வோர் இடம் வரைக்குமான விடையைத் தருவது. உரையை நிரலால் பகுப்பதை விளக்கும்போது சிக்கல் இன்னும் கூடுகிறது: எழுத்தெழுத்தாக உரையைப் படித்துப்போவதும் ஸ்கேன், அணி மொழியின் இந்த வேலையும் ஸ்கேன். தமிழிலாவது பிரித்து வைப்போம்.

இதற்குத் 'தொடர்கூட்டல்' என்று வந்த பரிந்துரை அடைப்புக்குறிகளின் ஆழம் காணப் பொருந்தும். திறப்புக்கு 1, மூடலுக்கு −1, மற்றதற்கு 0 என வைத்து +\ (கூட்டலைக் கொண்டு ஸ்கேன்) போட்டால் ஒவ்வோர் இடத்தின் ஆழமும் வந்துவிடும். ஆனால் காற்புள்ளியால் பிரித்த இந்த வரியைப் பாருங்கள் (மேற்கோள்குறி உள்ள இடத்துக்கு 1, மற்றதற்கு 0):

உரை: க " ச , ட " , த
மேற்கோள்: 0 1 0 0 0 1 0 0
≠\ இட்டபின்: 0 1 1 1 1 0 0 0

≠ என்பது இரு மதிப்புகள் வேறானால் 1, ஒன்றானால் 0 தரும். அதனால் மேற்கோள் திறந்ததும் 1 ஆகி, மூடியதும் 0 ஆகிறது. 1 உள்ள இடத்துக் காற்புள்ளியை விட்டுவிட்டால், ஏழாம் இடத்தில் இருப்பது மட்டுமே உண்மையான பிரிப்பான். சுழற்சியும் இல்லை, நிபந்தனைக் கிளையும் இல்லை. எனக்கு அணி மொழிகள் மேல் பிடிப்பு வந்ததே இந்த ஒரு வரியால்தான். இங்கே எதையும் கூட்டவில்லையே! அதனால் 'கூட்டல்' சொல்லுக்குள் இருக்கக் கூடாது.

(மெய்யெழுத்துகளைத் தவிர்த்தே எடுத்துக்காட்டு எழுதினேன். 'க்' யூனிகோடில் இரண்டு குறிகள் என்பதால் அணியில் இரண்டு இடம் பிடிக்கும்.)

என் பரிந்துரை: ரெடியூஸ் என்பதற்குத் 'திரட்டு', ஸ்கேனுக்குத் 'தொடர்திரட்டு'. முன்னது முழு அணியையும் திரட்டி ஒரே மதிப்பைத் தரும். பின்னது முதல் உறுப்பு வரை, இரண்டாம் உறுப்பு வரை என்று ஒவ்வோர் இடத்துக்கும் திரட்டித் தரும். அணியின் நீளம் குறையாது. ஏ.பி.எல்லில் +/ , +\ என்று குறிகளே இணையாக இருக்கும்போது பெயர்களும் இணையாக இருப்பதுதான் முறை. ஜே என்ற மற்றோர் அணி மொழியில் இது இன்னும் தெளிவு. அங்கே +/\ என்றே எழுதுகிறோம்: / திரட்டு, \ அதை ஒவ்வொரு முன்பகுதிக்கும் செய்யச் சொல்கிறது.

வினையாகவும் இயல்பாக வருகிறது: "மேற்கோள் அணியை ≠ கொண்டு தொடர்திரட்டினால்..."

ஒற்று மிகுமா என்று தனிமடலில் ஒருவர் கேட்டிருந்தார். 'தொடர்கதை' போல வினைத்தொகையாகக் கொள்கிறேன், அதனால் மிகாது. மாற்றுக் கருத்து இருந்தால் இங்கேயே எழுதுங்கள்.