ஷ்டுட்கார்ட் வருகிறவர்களுக்கு: முதலில் தபால் பெட்டி, பிறகு பாத்திரம்

அடுத்த மாதம் குடும்பத்தோடு ஜெர்மனியில் ஷ்டுட்கார்ட் பக்கம் வருவதாகச் சொல்லி, என்னென்ன பாத்திரம் எடுத்துவரலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். பாத்திரத்தைப் பிறகு பார்க்கலாம். வீட்டுச் சாவி கைக்கு வந்த அன்றே, கீழே இருக்கும் தபால் பெட்டியில் வீட்டில் உள்ள எல்லார் பெயரையும் ஒட்டிவிடுங்கள். அழைப்பு மணியிலும் ஒட்டுங்கள்.

சிரிக்காதீர்கள். இங்கே அடுக்குமாடிகளில் பெரும்பாலும் கதவு எண் கிடையாது. தெருப் பெயர், கட்டட எண், அதற்கப்புறம் ஆளின் பெயர்தான். பெட்டியில் பெயர் இல்லையென்றால் கடிதம் வந்த வழியே திரும்பிப் போய்விடும். வங்கி அட்டை ஒரு நாள் வரும், அதன் ரகசிய எண் இன்னொரு நாள் வரும், மருத்துவக் காப்பீட்டு அட்டை, வரி எண் என்று சகலமும் தபாலில்தான்.

இதில் நம் ஆட்களுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடத்தில் எனக்கு என் அப்பா பெயர், மனைவிக்கு அவள் அப்பா பெயர், மகளுக்கு என் பெயர். ஜெர்மன்காரர் கண்ணுக்கு ஒரே வீட்டில் மூன்று குடும்பம். நான் ஆபீசில் கூப்பிடும் பெயரை மட்டும் ஒட்டிவைத்திருந்தேன். கடிதமெல்லாம் அப்பா பெயருக்கு வந்து திரும்பிப் போயிருக்கிறது. (இங்கே எல்லாரும் 'ஹெர்', அதாவது திரு, போட்டு அப்பா பெயரைச் சொல்லித்தான் என்னைக் கூப்பிடுகிறார்கள். போனில் சொன்னபோது அப்பாவுக்கு ஒரே பெருமை.) அப்படித் திரும்பியதில் என் வரி எண்ணும் ஒன்று. அந்த 11 இலக்க எண்ணைக் கம்பெனியில் கொடுக்காவிட்டால் ஆறாம் வரி வகுப்பில் போட்டுச் சம்பளத்தில் தாறுமாறாகப் பிடிப்பார்கள். பணம் பிற்பாடு திரும்ப வரும்தான். ஆனால் புது வீட்டுக்கு முன்பணம் கட்டிய மாதத்தில் அது நடந்தால் வயிறு எரியும்.

அந்த எண் வரவேண்டுமென்றால் முதலில் ஆன்மெல்டுங், அதாவது நகராட்சியில் குடியிருப்புப் பதிவு செய்ய வேண்டும். குடியேறி இரண்டு வாரத்துக்குள் செய்ய வேண்டுமென்பது சட்டம். அதற்கான நேரம் கிடைப்பது குதிரைக்கொம்பு, சென்னையிலிருந்தே ஆன்லைனில் பிடித்துவிடுங்கள். வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்ட குடியிருப்புச் சான்றும் வேண்டும். நாள்வாடகைக்கு எடுக்கும் வீடுகளில் பல பேர் இதைத் தரமாட்டார்கள். முன்பணம் அனுப்பும் முன்பே, "பதிவுக்குச் சான்று தருவீர்களா?" என்று எழுதிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

திருமணச் சான்று, குழந்தையின் பிறப்புச் சான்று இரண்டுக்கும் அசலைக் கைப்பையில் வையுங்கள், செக்-இன் பெட்டியில் வேண்டாம். தமிழில் மட்டும் இருந்தால் மொழிபெயர்ப்பு தேவைப்படும். பெயர் பாஸ்போர்ட்டோடு எழுத்துக்கு எழுத்து பொருந்துகிறதா என்று இப்போதே பாருங்கள். அரசு மருத்துவக் காப்பீட்டில் சேர்ந்தால், வருமானமில்லாத மனைவிக்கும் பிள்ளைக்கும் தனியாகப் பிரீமியம் கிடையாது. அங்கேயும் இதே காகிதங்கள்தான். குழந்தையின் தடுப்பூசி அட்டையையும் மறக்காதீர்கள். தட்டம்மை ஊசி போட்டதற்குச் சான்று காட்டாமல் 2020 மார்ச்சிலிருந்து கிண்டர்கார்டனில் சேர்ப்பதில்லை.

பதிவு முடிந்த சில வாரத்தில் மாதம் 18.36 யூரோ கட்டச் சொல்லி ஒரு கடிதம் வரும். மோசடி என்று கிழித்துப் போடாதீர்கள். வானொலி, தொலைக்காட்சிக்கான கட்டணம் அது. வீட்டில் டிவி இல்லையென்றாலும் உண்டு. வீட்டுக்கு ஒன்றுதான், மனைவி பெயரிலும் தனியாக வந்தால் உங்கள் கட்டண எண்ணைக் குறிப்பிட்டுப் பதில் போடுங்கள்.

சனிக்கிழமை இரவு வந்து இறங்காதீர்கள். ஞாயிறு கடை கிடையாது, பெரிய ரயில் நிலையத்துக் கடைகளை நம்பித்தான் பாலும் ரொட்டியும்.

இனி பாத்திரம். மின்சாரம் நம்மூர் போலவே 230 வோல்ட், மிக்ஸி ஓடும். மூன்று முனை பிளக் மட்டும் நுழையாது, தரமான அடாப்டர் வாங்குங்கள். குக்கர், இட்லித் தட்டு தாராளமாக எடுத்துவரலாம். நெய், பால்கோவா வேண்டாம். பால் பொருளுக்கும் இறைச்சிக்கும் தடை. பச்சைக் கறிவேப்பிலைக்கும் தாவரச் சான்று கேட்பார்கள். வாடகை வீட்டில் அடுப்பும் சிங்க்கும் கூட இல்லாமலிருக்கலாம், விளம்பரத்தில் சமையலறை உண்டா என்று பாருங்கள். குளிர்காலத்தில் மாவு பொங்காது. ஓவனில் விளக்கை மட்டும் போட்டு உள்ளே வைத்தால் பொங்கும்.

இரண்டாவது வாரம் எங்கள் கதவுப் பிடியில் ஒரு சின்னப் பலகை தொங்கியது. யாரோ தவறி மாட்டிவிட்டார்கள் என்று எதிர்வீட்டில் மாட்டிவிட்டு வந்தேன். மறுநாள் காலை திரும்பவும் எங்கள் கதவில். எதிர்வீட்டுப் பாட்டி விளக்குமாறோடு வந்து சைகையிலேயே புரியவைத்தார்: 'கேர்வோகெ', இந்த வாரம் மாடிப்படி கூட்டித் துடைப்பது எங்கள் முறை. இந்தப் பக்கத்து ஊர்களில் பரம்பரையாக இருக்கும் வழக்கமாம். "ஊரில் தினமும் வாசல் தெளித்துக் கோலம் போட்டவளுக்கு இதென்ன பெரிய வேலை" என்று மனைவி சிரித்தாள். ஆனால் அந்த வாரம் கூட்டியது நான்தான்.

விளக்குமாறு கொண்டுவர வேண்டாம், இங்கேயே கிடைக்கிறது.